ஓரணா டிபன்!

'பசிக்கலைம்மா' என்று சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு உங்கள் பிள்ளை ஸ்கூலுக்கு ஓடுகிறானா? போகட்டும், மத்தியானம் சேர்த்துச் சாப்பிட்டுக்குவான் என்று விட்டுவிடுகிறீர்களா? ஒரு நிமிஷம்! இந்தக் காலி வயிற்றுப் பிரச்னையை நூறு வருஷத்துக்கு முன்பே சென்னை மாநகராட்சி பேசித் தீர்மானம் போட்டிருக்கிறது, தெரியுமா?

மாநகராட்சிக் கூட்டம் என்றால் என்ன பேசுவார்கள்? தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர், குப்பை, அம்மை குத்துவது... அன்றும் இதே கதைதான். 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையில் அன்றாடம் அலசப்பட்ட விஷயங்கள் இவை. ஆனால் 1920-ம் ஆண்டு செப்டம்பர் 16-ம் தேதி போட்ட தீர்மானம் கொஞ்சம் வித்தியாசமானது.

அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார். ஆமாம், நம்ம தி.நகருக்குப் பெயர் தந்தவரேதான்! ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள்தான் அதிகம். வீட்டில் கஞ்சிக்கே வழியில்லாதபோது படிப்பு எங்கே ஏறும்? வறுமையால் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. 'பிள்ளைகளுக்கு டிபன் கொடுப்போம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது' என்று மன்றம் முடிவெடுத்தது. ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு!

பலன் என்ன?

பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு டிபன் போனது. 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25-ல் 1,671 ஆனது. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு! மிரட்டியோ அபராதம் போட்டோ இல்லை. வயிற்றைக் கவனித்ததால் வந்த கூட்டம்.

அப்புறம் வந்தது சோதனை. ஆரம்பக் கல்வி நிதியை டிபனுக்குச் செலவழிக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்துவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் டிபன் நின்றது. அதே மாதக் கடைசியில் செட்டியாரும் காலமானார். ஆனால் யோசனை சாகவில்லை. டிபன் மறுபடி வந்தது. 1956-ல் காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் தொடக்கப்பள்ளிக் காலை உணவு என்று வளர்ந்தது.

உடம்பு என்ன சொல்கிறது?

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் பகல் பன்னிரண்டரை வரை பட்டினி கிடந்தால், பதினாறரை மணி நேர இடைவெளி! மூளை வேலை செய்ய குளுகோஸ் வேண்டும். அது குறைந்தால் சோர்வு, தலைவலி, எரிச்சல், கவனச் சிதறல். இதைப் போய் 'மக்கு', 'சோம்பேறி' என்று திட்டலாமா?

நீங்கள் செய்ய வேண்டியது:

* இட்லி, சாம்பார், பொங்கல், கேழ்வரகுக் கூழ்... எளிமையாக இருந்தால் போதும். கூடவே முட்டை, சுண்டல் அல்லது பால் ஏதாவது ஒன்று.

* வெறும் டீயும் பிஸ்கட்டும் காலைச் சாப்பாடு ஆகாது.

* பிள்ளை எப்போதும் வெளுத்து, சோர்ந்து இருந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது குப்பை, தண்ணீர் பற்றி மட்டும் கேட்காதீர்கள். 'நம்ம ஸ்கூல்ல பிள்ளைங்க சாப்பாடு எப்படி இருக்கு?' என்றும் கேளுங்கள். அதுவும் மாநகராட்சி வேலைதான்; 1920-லேயே முடிவான விஷயம்!