மகாலைப் பற்றி இரண்டு நிமிடங்கள்

நம் பள்ளியில் படித்து, பின்பு செவிலியர் பட்டம் பெற்ற பழைய மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு மதிப்பெண் தாள். இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு பெறுவதற்கு அவள் எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வில், பேச்சுப் பகுதிக்கு ஒன்பதுக்கு ஏழு வேண்டும். அவளுக்குக் கிடைத்தது ஆறரை. தந்தையார் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர். தேர்வுக் கட்டணமே கடன் வாங்கிக் கட்டியது.

"என்னம்மா கேட்டார்கள்?" என்றேன்.

"ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், டீச்சர். தாஜ்மகாலைப் பற்றிப் பேசினேன்."

அவள் ஆக்ராவுக்குப் போனதே இல்லை. திண்டுக்கல்லைத் தாண்டி வடக்கே சென்றதில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த பத்து வாக்கியங்களும் நாற்பது வினாடிகளில் தீர்ந்துவிட்டன. பிறகு தேர்வாளர், "நீங்கள் போனபோது கூட்டம் இருந்ததா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். இவள் வாயடைத்துப் போனாள்.

இத்தேர்வைப் பற்றிப் பெற்றோர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. பேச்சுத் தேர்வு பதினொன்று முதல் பதினான்கு நிமிடங்கள் நடைபெறும். முதலில் வீடு, படிப்பு, ஊர் பற்றிய எளிய கேள்விகள். அடுத்து ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். நீங்கள் பார்த்த ஒரு கட்டடம், அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும், எதற்குப் பயன்படுகிறது, ஏன் உங்களைக் கவர்ந்தது என்பது போல அதில் இருக்கும். சிந்திக்க ஒரு நிமிடம், குறிப்பு எடுக்கத் தாளும் பென்சிலும் உண்டு. பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் இடைவிடாமல் பேச வேண்டும். மூன்றாவது பகுதியில் அதே பொருளைச் சற்று விரித்து உரையாடுவார்கள். தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பு.

நீங்கள் சொல்வது உண்மையா பொய்யா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அப்படியானால் காணாத தாஜ்மகாலைப் பற்றிப் பேசினால் என்ன? பேசலாம், குற்றமில்லை. ஆனால் கண்ணால் காணாத இடத்தில் அடுத்த வாக்கியம் எங்கிருந்து வரும்? மனப்பாடத்தைக் கண்டுகொள்ளத் தேர்வாளர்கள் பழகியவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த ஆண்டே ஒன்பதாம் வகுப்பு மாணவியரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துச் சென்றேன். புறப்படும் முன் வகுப்பில் அக்கட்டடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டபோது, "இட் இஸ் வெரி பிக், வெரி பியூட்டிஃபுல், வெரி ஃபேமஸ்" என்பதோடு முடிந்தது. இம்மூன்று சொற்களையும் நம் மீன் மார்க்கெட்டுக்கும் சொல்லலாம்!

மகாலில் கால் மணி நேரம் எவரும் எதையும் எழுதக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்றேன். திரும்பியதும் தமிழிலேயே கேட்டேன். ஒருத்தி, வெளியே வெயில் கொளுத்த, தூண்கள் மட்டும் கைக்குக் குளிர்ச்சியாக இருந்தன என்றாள். மூவர் கைகோத்து ஒரு தூணைச் சுற்ற முயன்றார்களாம். எட்டவில்லை, நான்காவது ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. மேலே புறாக்கள் சிறகடித்த ஓசையைச் சொன்னவள் ஒருத்தி. தூண்களில் யார் யாரோ தங்கள் பெயரைக் கீறி வைத்திருப்பதைக் கண்டு கோபப்பட்டவள் ஒருத்தி. இவ்வளவும் அவர்களிடம் இருந்தது; "வெரி பிக்" என்பதற்குள் ஒளிந்து கிடந்தது.

ஆகவே நடந்து போகும் வரிசையிலேயே பேசுங்கள் என்றேன். தெருவிலிருந்து வாசல், வாசலிலிருந்து வானம் பார்த்த பெருமுற்றம், முற்றத்திலிருந்து படிகள் ஏறிச் சொர்க்கவிலாச மண்டபம், அங்கே நிமிர்ந்தால் குவிமாடம். கால் போகும் வழியில் நாக்கு போனால் அடுத்தது என்ன என்று தேட வேண்டியதில்லை. ஒரு நிமிடக் குறிப்பிலும் வாசல், முற்றம், படி, மாடம் என்று நான்கு சொற்கள் போதும். தூணின் உயரம் எத்தனை அடி என்று தெரியாவிட்டால் என் உயரத்தைப் போல் பல மடங்கு என்று சொல்லுங்கள். தேர்வாளர் அளவுகோலோடு வரவில்லை.

இனி இலக்கணம். "மகால் 1636-இல் கட்டப்பட்டது" என்பதை ஆங்கிலத்தில் "வாஸ் பில்ட்" என்று சொல்ல வேண்டும். "இஸ் பில்ட்" என்றால் தவறு. "இட் இஸ் ஹேவிங் மெனி பில்லர்ஸ்" என்பது நம் நாட்டுக்கே உரிய பிழை. "இட் ஹேஸ்" என்றால் போதும். பெரிய தொல்லை நம் "இல்" உருபு. மதுரையில், சுவரில், வாசலில் என்று நாம் ஒரே உருபை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறோம். ஆங்கிலத்திலோ "இன் மதுரை", "ஆன் தி வால்", "அட் தி கேட்" என்று மூன்று. கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது இம்மூன்றும் அடிக்கடி வருவதால், வீட்டில் நின்றபடியே எது எங்கே இருக்கிறது என்று சொல்லிப் பழகுங்கள்.

உச்சரிப்பில் சில கண்ணிகள். "டோம்" என்றால் குவிமாடம். "டூம்" என்றால் கல்லறை. இரண்டாவதன் கடைசி எழுத்தான "பி" ஒலிக்காது. மகாலில் இருப்பது முதலாவது மட்டுமே. "பேலஸ்" அரண்மனை, "பிளேஸ்" இடம். "பில்லர்" தூண், "பில்லோ" தலையணை. ஒருத்தி அவசரத்தில் மகாலைத் தலையணைகள் தாங்குவதாகச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். உயரத்தை "ஹெய்ட்" என்பார்கள் பலர். "ஹைட்" என்பதே சரி.

மூன்றாவது பகுதியில் "பழைய கட்டடங்களை ஏன் காக்க வேண்டும்?" என்பது போன்ற கேள்வி வரலாம். "நமது பண்பாடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் பலர். மதுரைப் பெண்ணுக்கு அந்த வறுமை எதற்கு? திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இந்த மகாலின் பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார். இன்று எஞ்சி நிற்பது ஏறத்தாழ கால் பங்குதான் என்பர். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இதைப் பழுதுபார்க்க முனைந்தார். பிற்பாடு இங்கே நீதிமன்றங்கள் நடந்தன. பயன்பட்டதாலும் ஒரு கட்டடம் பிழைக்கும் என்பதற்கு இது சான்று. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை 1959-இல் காந்தி அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டதும் அப்படியே. பழையதும் புதியதும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்டால், 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை மகாலோடு ஒப்பிடலாம். அதே ஆண்டு கீழடியில் திறந்த அருங்காட்சியகமோ புதிய கட்டடம், ஆனால் பாணி பழைய செட்டிநாட்டு வீட்டினுடையது. இந்த ஒன்றை வைத்தே ஒரு நிமிடம் வாதாடலாம்.

அந்தப் பழைய மாணவிக்கு வருவோம். மூன்று மாதங்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பள்ளி வராந்தாவில் என்னோடு நடந்தாள். மகாலைப் பற்றி, தன் ஓட்டு வீட்டைப் பற்றி, பயிற்சி பெற்ற மருத்துவமனைக் கட்டடத்தைப் பற்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டிரண்டு நிமிடங்கள் பேசினாள். முதல் வாரம் ஐம்பது வினாடி தாண்டவில்லை. கடைசி வாரம் நானே நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுமுறை எழுதினாள், ஏழு கிடைத்தது. தொலைபேசியில் சொன்னபோது, "மகால்தானே?" என்று ஆவலோடு கேட்டேன்.

"இல்லை டீச்சர். கட்டடமே வரவில்லை. தண்ணீர் உள்ள ஓர் இடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வைகையைப் பற்றிப் பேசினேன்."

"வைகையில் ஏதம்மா தண்ணீர்?"

"அதைத்தான் டீச்சர், இரண்டு நிமிடமும் பேசினேன்."