சுழலும் கற்கள் சொல்லும் சேதி

"அப்பா, வானத்திலையிருந்து பெரிய கல்லொண்டு பூமியில விழப்போகுதாம், மெய்யே?"

பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் எம்மில் பலர் பதில் தெரியாது பேச்சை மாற்றிவிடுகின்றோம். விடயத்தைச் சற்று அறிந்து வைத்திருப்போமே!

சூரியனைச் சுற்றிவரும் பாறைகளைச் சிறுகோள்கள் என்பர். இவற்றுட் சில பூமியின் பாதைக்குக் கிட்ட வந்து போகின்றன. தொலைநோக்கியில் பார்த்தாலும் அநேகமானவை வெறும் ஒளிப்புள்ளிகளே. நீண்ட கல்லின் அகன்ற பக்கம் தெரியும்போது ஒளி கூடும்; முனை தெரியும்போது குறையும். இதைக் கவனித்தே அது தன்னைத்தானே ஒரு தடவை சுற்ற எடுக்கும் நேரத்தை விஞ்ஞானிகள் கணிக்கின்றனர்.

இப்படி அளந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ 200 மீற்றருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் மிகச் சிலவே 2.2 மணித்தியாலத்திலும் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. காரணம், அவற்றுட் பல ஒரே பாறையல்ல. தமது சொற்ப ஈர்ப்பினால் சேர்ந்து கிடக்கும் கற்குவியல்கள். அதைவிட வேகமாகச் சுழன்றால் சிதறிவிடும். சிறிய கற்களிலோ சில நிமிடங்களில் ஒரு சுற்றை முடிப்பவையும் உண்டு.

2020 ஒக்டோபரில் நாஸாவின் விண்கலம் ஒன்று, ஏறத்தாழ 490 மீற்றர் அகலமான பெனுவைத் தொட்டது. கலத்தின் கை அரை மீற்றர் வரை உள்ளே புதைந்தது. மேற்பரப்பு அவ்வளவு இளக்கம்! அங்கிருந்து அள்ளிய 121.6 கிராம் மண்ணும் கல்லும் 2023 செப்ரெம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்தன.

இதை அறிவதால் என்ன பயன்? வரும் கல்லைத் திசைதிருப்ப வேண்டுமானால் அது இறுகிய பாறையா, குவியலா என்று தெரிய வேண்டும். 2022 செப்ரெம்பர் 26இல் டிமோர்ஃபொஸ் என்னும் கல்லின் மீது நாஸா ஒரு கலத்தை வேண்டுமென்றே மோதவிட்டது. பெரிய சிறுகோள் ஒன்றை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்த அக்கல்லின் சுற்றுநேரம் சுமார் 33 நிமிடம் குறைந்தது. மோதலில் சிதறிப் பறந்த கற்களும் தூசியும் கொடுத்த உதைப்பே அந்தத் தள்ளலைப் பலமடங்காக்கியது.

பிள்ளைகள் கேள்விப்படுவது பெரும்பாலும் அபோபிஸ் பற்றியே. 2004இல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது அச்சம் எழுந்தது மெய். ஆனால் அடுத்த 100 ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்பது 2021இல் ராடர் அளவீடுகளால் உறுதியானது. 2029 ஏப்ரல் 13இல் அது பூமியிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போகும். அப்போது பூமியின் ஈர்ப்பு அதன் சுழற்சியை மாற்றக்கூடும் என்பதால் விஞ்ஞானிகள் காத்திருக்கின்றனர்.

வானம் தெளிந்திருந்தால் ஐரோப்பாவிலிருந்து அன்றிரவு வெறுங்கண்ணாலேயே அதைக் காணலாம். வானத்தைப் பார்த்துப் பயந்தே பழகியவர்கள் நாம். அன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பயமின்றி நிமிர்ந்து பார்ப்போம்.