ஈசிஜி சரியாக இருக்கிறது, ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது

2017 நவம்பர் 5. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் கூடைப்பந்து அணி, சொந்த ஊரில் அட்லாண்டா ஹாக்ஸ் அணியோடு மோதிக்கொண்டிருந்தது. இடைவேளை முடிந்து ஆடும்போது நட்சத்திர வீரர் கெவின் லவ்வுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்டது, வாய் வறண்டது. ஆட்டத்தைப் பாதியில் விட்டு உள்ளே ஓடியவர், அறை அறையாக அலைந்து, கடைசியில் தரையில் மல்லாந்து கிடந்தார். மருத்துவமனையில் செய்த பரிசோதனைகளில் ஒரு குறையும் தெரியவில்லை.

வந்தது பேனிக் அட்டாக். அடுத்த ஆட்டத்திலேயே அவர் 32 புள்ளிகள் எடுத்தார். ஆனால், ஏன் பாதியில் எழுந்து போனார் என்பது வெளியே தெரியாமல் போனதுதான் தனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய நிம்மதியாக இருந்தது என்று 2018 மார்ச்சில் அவரே எழுதினார். பிறகுதான் தெரபிஸ்டைத் தேடிப் போனார். அங்கே பேச்சு கூடைப்பந்தைப் பற்றிப் போகவில்லை. வாய்விட்டு அழாமலே கடந்துவிட்ட பாட்டியின் மரணத்தைப் பற்றிப் போனது.

நம் ஊரில் இதே கதை நள்ளிரவு ஆட்டோவில் நடக்கிறது. ஹார்ட் அட்டாக் என்று பதறி ஓடுகிறார்கள். ஈசிஜி நார்மல். "ஒண்ணுமில்ல, கேஸா இருக்கும், டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடி படபடப்பு, இந்த முறை எக்கோ, டிரெட்மில். முதலில் இதயத்தைப் பார்ப்பது மிகச் சரி. தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும்கூடப் படபடப்பு வரும். தவறு அந்த "ஒண்ணுமில்ல"வோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. அந்த மனிதர் பட்ட வேதனை நிஜம். அதற்கு வைத்தியமும் இருக்கிறது.

அட்ரினலின் பாய்ந்து இதயம் வேகமெடுப்பது ஆபத்தில் தப்பிக்க உடம்பு செய்யும் ஏற்பாடு. ஆபத்தே இல்லாதபோது அது கிளம்பினால், துடிப்பைக் கண்டே மனம் மிரள்கிறது, மிரட்சி துடிப்பை இன்னும் கூட்டுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டு வடியத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் கொடுமை: மறுபடி வந்துவிடுமோ என்று பஸ்ஸில் ஏறுவதில்லை, லிஃப்டில் போவதில்லை, கல்யாண வீட்டில் வாசலோரம் உட்காருகிறார்கள்.

எல்லோருக்கும் பதற்றம் இப்படி அலையாக வருவதில்லை. சிலருக்குச் சத்தமில்லாமல் மாதக்கணக்கில் ஓடும். பிள்ளை வர ஐந்து நிமிடம் தாமதமானாலே விபத்து என்று நினைப்பது, கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது, தூக்கம் கெடுவது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படியே போனால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். அன்றாட வேலை கெடுகிறது என்றால் ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம்.

தெரபி என்றால் ஆறுதல் சொல்லி அனுப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையிலிருந்து வளர்ந்த சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை) முறையிலோ வேலை வாங்குவார்கள். பேனிக் உள்ளவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்வார்கள், நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள். நெஞ்சு அடிக்கும், தலை சுற்றும். அவர் அஞ்சி ஓடிய அதே உணர்வுகள்தான். ஆனால் உயிர் போகவில்லை, கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. அதை உடம்பே கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் ஒரு ஸ்டாப் மட்டும் பஸ் பயணம், அப்புறம் இரண்டு. தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மெடிக்கல் ஷாப்பில் தானாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். பழகிப்போனால் விடுவது பெரும்பாடு.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2019இல் பதற்ற நோய் இருந்தவர்கள் 30 கோடிக்கும் மேல். சிகிச்சை பெறுபவர் நால்வரில் ஒருவர்தான். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. வெளியே போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவை இலவசம். 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலேயே பேசலாம்.