இரண்டு நூல் ஆழத்தில் ஒரு தாமரை

மரத்தில் சிற்பம் செதுக்கப் பழக வேண்டும் என்று ஆசை வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், ஆன்லைனில் 12 உளிகள் கொண்ட பெட்டி ஒன்றை ஆர்டர் போடுவது. பெட்டி வந்து சேரும், உளிகள் பளபளவென்று இருக்கும். ஒரு பலகையில் பிள்ளையார் படத்தை வரைந்து முதல் வெட்டைப் போட்டால் மரம் வெட்டுப்படாமல் பிய்ந்து வரும். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, நமக்கு இது கைவராது என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். கையில் ஒரு குறையும் இல்லை. மலிவு விலை உளிகள் பெரும்பாலும் ஆலையில் உருவம் மட்டும் கொடுக்கப்பட்டு, சரியாகத் தீட்டப்படாமலேயே வருகின்றன. தீட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு.

அதனால் புடைப்புச் சிற்பம் பழக வருபவருக்கு முதல் பாடம் மரத்தில் இல்லை, சாணைக்கல்லில் இருக்கிறது. செதுக்கு உளியின் வாய்ச்சரிவு 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் வெட்டு சுகமாக ஓடும். கடினமான மரம் என்றால் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். பட்டை உளியைத் தீட்டுவது எளிது. சரிவைக் கல்லில் முழுமையாகப் படியவைத்து இழுத்தால் போதும். நகவுளிதான் சோதிக்கும். நகம் போல உட்குழிந்த வாய் அதற்கு. கல்லில் தேய்க்கும்போதே மணிக்கட்டைத் திருப்பி, வாயின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சீராக உருட்ட வேண்டும். உருட்டல் குறைந்தால் நடுப்பகுதி பள்ளமாகும்; கூடினால் இரண்டு மூலைகளும் கரைந்துபோகும். 1000 நம்பர் கல்லில் தேய்த்து முடிந்ததும் உட்பக்கம் மெல்லிய பிசிறு எழும்பியிருப்பது விரலுக்குத் தட்டுப்படும். நைஸான உப்புத்தாளை உருண்டைக் குச்சியில் சுற்றி அந்தப் பிசிறை எடுத்துவிட்டு, பலகையில் ஒட்டிய தோல் துண்டில் பாலிஷ் பசை தடவி, வாயைப் பின்னோக்கி இழுத்து மெருகேற்ற வேண்டும். முன்னால் தள்ளினால் தோல் கிழியும்.

கூர் வந்துவிட்டதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டாம். மிருதுவான மரத்துண்டில், ரேகைக்குக் குறுக்காக ஒரு வெட்டுப் போடுங்கள். வெட்டிய இடம் எண்ணெய் தடவியது போல் மின்னினால் உளி தயார். பள்ளத்தில் ஒரு வெள்ளைக் கோடு நீளமாக ஓடினால் வாயில் எங்கோ ஒரு பொடிச் சில்லு போயிருக்கிறது; மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான். வேலை நடக்கும்போதும் அரை மணிக்கு ஒருமுறை தோலில் நாலு இழுப்பு இழுத்துக்கொள்வது நல்லது. கூரில்லாத உளியை அதிக பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். கைகள் வெட்டுப்படுவது பெரும்பாலும் அப்படித்தான். பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் உளி வாய்க்குப் பின்னால் வைத்துக்கொண்டால் விபத்துக்கு வழி குறைவு.

எத்தனை உளி வேண்டும்? நான்கு போதும் என்பது என் கட்சி. ஒரு பட்டை உளி, சற்றே வளைந்த நகவுளி ஒன்று, நன்றாகக் குழிந்த நகவுளி ஒன்று, வி வடிவ உளி ஒன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து வழக்கப்படி செதுக்கு உளிகளுக்கு எண் உண்டு: 1 என்றால் நேர் வாய், 3 லேசான வளைவு, எண் ஏற ஏற வளைவும் ஏறும், 9 ஏறக்குறைய அரை வட்டம். வெளிநாட்டு உளி வாங்குபவர்களுக்கு இந்த எண் உதவும். நம்மூர்க் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்குபவர்கள் ஒரு தாளில் வாயின் வளைவை வரைந்து கொடுத்தாலே போதும். தட்டுவதற்கு மரச் சுத்தியலான கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியல் உளியின் பிடியைப் பிளந்துவிடும்.

மரத்துக்கு வருவோம். தேக்கில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். தேக்கு அருமையான மரம்தான். ஆனால் அதில் கலந்திருக்கும் மணற்சத்து உளி வாயைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். பேக்கிங் பெட்டிப் பைன் பலகை சும்மா கிடைக்கிறதே என்று ஆரம்பிப்பதும் சரிவராது. அதில் ஒரு வளையம் மெத்தென்றும் அடுத்த வளையம் கெட்டியாகவும் மாறி மாறி வருவதால் உளி குதிக்கும். குமிழ் மரம் பழகுபவருக்குத் தோதானது. இலகு, சீரான நார், வெட்டினால் சொன்னபடி கேட்கும். மரவாடியில் கேட்டால் கிடைக்கும். ஒரு அங்குலக் கனத்தில், நன்றாகக் காய்ந்த, முடிச்சு இல்லாத துண்டாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை மரத்தில் செதுக்கினால் உங்கள் உழைப்பின் குறுக்கே ஒரு நாள் வெடிப்பு ஓடும். பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் இந்த வேலைக்கே ஆகாது.

சிற்ப நூல்கள் எல்லாப் பக்கமும் தெரியும் முழு உருவத்தைச் சித்திரம் என்றும், பின்புலத்தை ஒட்டி முன்பக்கம் மட்டும் எழும்பி நிற்பதைச் சித்திரார்த்தம் என்றும், ஓவியத்தைச் சித்திராபாசம் என்றும் பிரிக்கின்றன. புடைப்புச் சிற்பம் இந்த நடுப்பிள்ளை. ஆழம் அதிகம் வேண்டியதில்லை. ஒரு ரூபாய் நாணயத்தில் உள்ள சிங்க முகங்களைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாத உலோகத்தில் பிடரியும் தாடையும் தெரிகின்றன. எகிப்தின் சக்காராவில் ஹெசிரே என்ற அதிகாரியின் கல்லறையில் கிடைத்த மரப்பலகைகளும் அப்படித்தான். சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட அந்த மெல்லிய புடைப்பில் அவருடைய கன்னத்து எலும்பும் கால் தசையும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. வறண்ட மண் அவற்றைக் காப்பாற்றியது. மழையும் கரையானும் உள்ள நம் ஊரில் மரம் அத்தனை காலம் நிற்காது.

ஆனாலும் பார்த்துப் பழக நமக்குப் பஞ்சமில்லை. தேர்தான் பாடப்புத்தகம். மேலே மூங்கிலும் துணியுமாக எழும்புவது திருவிழா நாட்களில் மட்டும். கீழே உள்ள மரப்பகுதி ஆண்டு முழுவதும் கொட்டகையில் நிற்கிறது. இலுப்பையிலும் தேக்கிலும் வேங்கையிலும் செதுக்கிய பலகைகள் அடுக்கடுக்காக, கண் மட்டத்திலேயே இருக்கும். வெயிலில், நகரும்போது, தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய சிற்பங்கள் என்பதால் தேரில் புடைப்பு ஆழமாக இருக்கும். கை கால்கள் பலகையை விட்டுப் பிரிந்து நிற்பது போலப் பின்னால் குடைந்திருப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளின் நிலைவாசலில் பர்மா தேக்கில் செதுக்கிய கஜலட்சுமியும் கொடிகளும் வேறு ரகம்: தூண் நிழலில், கிட்டத்தில் நின்று பார்ப்பதற்கானவை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இடித்த வீடுகளின் நிலைத் துண்டுகளும் தூண்களும் விற்பனைக்கு இருக்கும். பலகையின் பக்கவாட்டைப் பார்க்கலாம் என்பது அங்கே உள்ள வசதி. எவ்வளவு ஆழம் இறக்கினார்கள் என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும்.

முதல் பலகைக்குச் சாமி உருவம் வேண்டாம். முகத்தில் அரை நூல் பிசகினாலும் கண்ணுக்கு உறுத்தும். தாமரை வரையுங்கள். ஆசாரிகள் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். நம் தாமரைக்கு இரண்டு நூல் ஆழம் தாராளம்.

படத்தைக் கார்பன் தாள் வைத்துப் பலகையில் எடுத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே ஒரு நூல் தள்ளி வி உளியால் சுற்றிலும் வாய்க்கால் போடுங்கள். இந்த வாய்க்காலைத் தாண்டிக் குதிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய அவசரம். நேராகக் கோட்டின் மேல் உளியை நிறுத்திக் கொட்டாப்புளியால் அடிப்பார்கள். உளி ஓர் ஆப்பு. உள்ளே இறங்கும்போது மரத்தை இருபுறமும் நெருக்கும். வெளிப்பக்கம் விலக இடம் இல்லையென்றால் இதழின் விளிம்பு நொறுங்கும். வாய்க்கால் இருந்தால் நெருக்கப்பட்ட மரம் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளும். அதன் பிறகே கோட்டில் உளியை நிறுத்தி இறக்க வேண்டும். இறக்கிய அளவுக்குப் பின்புலத்தை நகவுளியால் வழித்தெடுத்து, மறுபடி இறக்கி, மறுபடி வழித்து, இரண்டு நூலை எட்ட வேண்டும். சலிப்பான வேலைதான். மொத்த நேரத்தில் பெரும்பங்கை இதுவே தின்றுவிடும்.

அடுத்து இதழ்கள். இங்கே மரத்தின் ரேகை பேச ஆரம்பிக்கும். சாய்ந்து நிற்கும் இதழின் ஒரு விளிம்பை நுனியிலிருந்து அடிக்குச் செதுக்கினால் உளி வழுக்கிக்கொண்டு போகும். அதே இதழின் மறு விளிம்பை அதே திசையில் செதுக்கினால் நார் பிளந்து உள்ளே ஓடும். உடனே உளியைத் திருப்பி எதிர்த் திசையிலிருந்து வர வேண்டும். வட்டம் ஒன்றைச் செதுக்கும்போது கால் வட்டத்துக்கு ஒருமுறை திசை மாறும். புத்தகத்தில் இதைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம். உளியின் சத்தம் 'சர்ரென்று' இருந்து 'கறகற'வென்று மாறியதும் நிறுத்துங்கள், அது போதும்.

எல்லா இதழையும் ஒரே உயரத்தில் விட்டால் பூ பலகையில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும். முன்னிதழ் மட்டும் பலகையின் பழைய மேற்பரப்பைத் தொடட்டும். அடுத்தது அதன் கீழே அரை நூல் இறங்கட்டும். கடைசி வரிசை பின்புலத்தோடு கரையட்டும். விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில், பலகை மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்துச் செதுக்குங்கள். செதுக்குவது மரத்தை என்றாலும் பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது நிழல். முடிந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தோன்றும். என் தீர்ப்பு, தேய்க்காதீர்கள். கூரான உளி விட்டுச்சென்ற வெட்டுத்தடத்தின் மினுக்கத்தை உப்புத்தாள் மங்கச் செய்துவிடும்.

முறையாகக் கற்க மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. கல், சுதை, உலோகத்தோடு மரச் சிற்பமும் அங்கே பாடம். ஆனால் அது பட்டப்படிப்பு. வேலைக்குப் போகிறவரும் ஓய்வு பெற்றவரும் அங்கே போய் உட்கார முடியாது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-லும் கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. கைதேர்ந்தவர்கள் அங்கே பட்டறை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு சனி, ஞாயிறுகளில் அவர்கள் வெளியாருக்குச் சொல்லிக்கொடுக்க, அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் ஒரு திட்டம் போடலாம். சிற்பிக்கு இன்னொரு வருமானம், பழகுபவருக்கு உளி பிடித்துக் காட்ட ஓர் ஆசான். பெரிய செலவும் இல்லை. கைத்திறத் துறைக்குப் பொறுப்பானவர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.