கடல் மைல்: தேசப்படத்தின் ஓரத்தில் ஓர் அடிமட்டம்

எங்கள் வாப்பா ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகிறவர். ஒருமுறை நடுக்கடலில் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. கரையிலிருந்து நாற்பது மைல் என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. நான் கணக்குப் பார்த்து, "64 கிலோமீற்றர்" என்று உம்மாவிடம் சொன்னேன். உண்மையில் அது 74. தேடிப் போனவர்களுக்கு அது தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

கடலில் மைல் என்றால் கடல் மைல். அதன் நீளம் 1,852 மீற்றர் என்று 1929ஆம் ஆண்டு மொனாக்கோவில் நடந்த சர்வதேச மாநாட்டில் தீர்மானித்தார்கள். இது என்ன, ஒழுங்கில்லாத எண் என்று தோன்றும். ஆனால் இது பூமியிலிருந்தே எடுத்த அளவு. அகலக்கோட்டின் ஒரு பாகையில் 60 கலைகள் உண்டு. வடக்குத் தெற்காக ஒரு கலைத் தூரம் ஏறத்தாழ ஒரு கடல் மைல்.

அட்லஸை எடுத்துப் பாருங்கள். பருத்தித்துறை ஏறத்தாழ வடக்கு 9 பாகை 50 கலை. தெய்வேந்திரமுனை 5 பாகை 55 கலை. வித்தியாசம் 235 கலை, அதாவது 235 கடல் மைல். 1.852 ஆல் பெருக்கினால் சுமார் 435 கிலோமீற்றர். நம் நாட்டின் நீளத்தை அடிமட்டம் இல்லாமலே அளந்துவிட்டோம்!

மாலுமிகளும் இப்படித்தான் தேசப்படத்தின் பக்க ஓரத்தில் கவராயத்தை வைத்து அளப்பார்கள். மேல் ஓரத்தில் அளக்கக் கூடாது. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் அங்கே கலையின் நீளம் குறைந்துகொண்டே போகும்.

மணித்தியாலத்துக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நொட். முடிச்சுப் போட்ட கயிற்றைக் கப்பலிலிருந்து ஓடவிட்டு, முடிச்சுகளை எண்ணி வேகம் பார்த்த காலத்துப் பெயர் அது. விமானிகளும் இதே மைலையும் நொட்டையுமே பயன்படுத்துகிறார்கள்.

மறுநாள் இன்னொரு படகு வாப்பாவின் படகைக் கட்டி இழுத்து வந்தது. இப்போது அவர் மைல் சொன்னால் உம்மா முதலில் கேட்பது, "எந்த மைல்?"