துருவும் பழுப்பும்: நாட்டுத் துப்பாக்கிக் குழல்களின் மேற்பரப்புப் பேணல்

பழம்பொருளைப் பேணுவோர்க்குப் பகையாவன இரண்டு. ஒன்று புறக்கணிப்பு, மற்றொன்று அளவிறந்த அக்கறை. வாய்வழியாகக் கருமருந்திட்டு வெடிக்கும் துப்பாக்கிகளின் வரலாற்றில் இரண்டாவது பகை செய்த கேடு சிறிதன்று. அக்கேட்டின் இயல்பையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம்.

வானூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1760இல் வந்தவாசிப் போரும், 1761இல் புதுச்சேரியின் வீழ்ச்சியும் நிகழ்ந்த நிலப்பகுதிக்கு இடைப்பட்டது இவ்வூர். துப்பாக்கி, பீரங்கி முதலிய வேற்றுமொழிச் சொற்கள் அக்காலத் தமிழ் உரைநடையில் வேரூன்றிவிட்டமையை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக் காட்டும். பிற்காலத்தில் உரிமம் பெற்ற உழவரும் நரிக்குறவரும் இத்தகைய கருவிகளைக் கையாண்டனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியபின் இவற்றின் பயன் குன்றியது. எஞ்சியவற்றைப் பேணும் அறிவும் அதனோடு குன்றிவருகின்றது.

பழுப்பு என்பது யாது?

இரும்புக் குழலின் மேற்காணும் செம்பழுப்பு நிறம் எல்லாம் கேடெனக் கருதுதல் பிழை. குழலை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, மெல்லிய அமிலமோ உப்புக்கரைசலோ பூசி, ஈரக்காற்றில் வைப்பின் நுண்ணிய துரு படரும். உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, மீண்டும் பூசுவர். இவ்வாறு பலமுறை செய்தபின் ஒட்டி நிற்கும் சீரான படலமே பழுப்பு. ஒவ்வொரு முறையும் துருவேறிய குழலைக் கொதிநீரில் இட்டால், அது கருநிற இரும்பு ஆக்சைடாக மாறிக் கருமை தரும். இறுதியில் சோடா உப்புக் கரைசலால் எஞ்சிய அமிலத்தை முறிப்பர். அமிலம் எஞ்சினால் அரிப்பும் நில்லாது.

ஆகவே பழுப்பென்பது அடக்கி நிறுத்தப்பட்ட துரு எனலாம். அடங்காத துரு இரும்பைத் தின்னும். அடங்கிய துரு இரும்பைப் போர்த்தும். ஆயினும் இப்போர்வை நுண்துளைகள் உடையது. தானே நீரைத் தடுக்க வல்லதன்று. அத்துளைகளில் எண்ணெயை ஏந்தி நிற்றலே அதன் பயன். எண்ணெய் வற்றினால் காவலும் வற்றும்.

கேடு வரும் வழிகள்

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. நூற்றுக்கு முறையே 75, 15, 10 என்பது பெருவழக்கான அளவு. வெடித்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மக் கசடாகவே தங்கும். கசடிலுள்ள பொட்டாசிய உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். உப்பு எண்ணெயிற் கரையாது, நீரிலேயே கரையும். எனவே கசடின்மீது எண்ணெய் பூசுவது பகைவனை உள்ளே வைத்துக் கதவடைப்பது போலாம். மரப்பகுதியை நீக்கிய பின்னரே குழலை வெந்நீரால் கழுவி, முற்றும் உலர்த்தி, பின்னர் எண்ணெய் பூசுதல் முறை.

வானூர் வட்டம் வங்கக் கடலை அடுத்தது. கடற்காற்றின் உப்பும், வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் பழுப்பைத் துளைக்க வல்லன. துணியுறையும் தோலுறையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அவற்றுள் இட்டுப் பூட்டிவைத்தல் நன்றன்று. வியர்வை பட்ட கைத்தடமும் துருவுக்கு வித்தாகும்.

இவற்றினும் கொடியது வீட்டுப் பழக்கம். பித்தளைப் பாத்திரத்தைப் புளியாலும் சாம்பலாலும் விளக்கிய கை, துப்பாக்கிக் குழலையும் அவ்வாறே விளக்குகின்றது. புளியின் அமிலம் பழுப்பைக் கரைக்கும். செங்கற்பொடி அதனைச் சுரண்டும். குழல் ஒளிர்கின்றது, ஆனால் செய்தோன் கைத்திறனும், மங்கிய எழுத்தும், முத்திரையும் அழிந்துபோகின்றன. விளக்குதல் என்னும் தமிழ்ச்சொல் தூய்மை செய்தலையும் பொருள் புலப்படுத்தலையும் ஒருங்கே குறிக்கும். இங்கோ முதற்பொருள் இரண்டாம் பொருளைக் கொன்றுவிடுகின்றது.

எனினும் வெண்மையான குழல் யாவும் பிற்காலத்தில் சுரண்டப்பட்டது என முடிவுகட்டலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினர் பல குழல்களை வெண்மையாகவே தேய்த்து வைத்தனர்; படைத்துறையிற் பழுப்பேற்றும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓங்கிற்று. மரத்தின் மறைவிலுள்ள குழலின் அடிப்பகுதியில் பழைய நிறம் எஞ்சியிருத்தல் கூடும். அதனை நோக்கிய பின்னரே முடிவு கூறுதல் ஆராய்ச்சி நெறி.

பேணும் நெறி

எத்துப்பாக்கியாயினும் முதலில் மருந்து உள்ளே இல்லை என்பதை உரிமம் பெற்ற தொழிலாளி உறுதிசெய்தல் வேண்டும். உலர்ந்த கருமருந்து பல்லாண்டு கழிந்தும் ஆற்றல் இழப்பதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, வைத்திருத்தற்கேயன்றிப் பழுதுபார்த்தற்கும் உரிமம் தேவை.

பயனில் உள்ள குழலுக்கு மெல்லிய கனிம எண்ணெய்ப் பூச்சுப் போதும். தாவர எண்ணெய்கள் நாட்பட்டால் பிசுக்காகும். அவற்றில் தோன்றும் அமிலமும் தீங்கு செய்யும். அருங்காட்சிப் பொருளாயின் நீரும் வேண்டா. மென்துணியால் தூசி நீக்கி, மெழுகை மெல்லிதாகப் பூசுக. அடங்காத துரு காணப்படும் இடத்தை மட்டும் வல்லுநர் கைக்கு விடுக. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியற் பாதுகாப்புக்கூடம் 1930 முதல் இத்துறையில் பணியாற்றி வருவது நம் நல்வாய்ப்பு.

தமிழாய்வாளர்க்கும் இங்குக் கடமை உண்டு. பழுப்பேற்றவும் பழுதுபார்க்கவும் வல்ல கைகள் குறைந்துவருகின்றன. அவர்கள் வழங்கும் தொழிற்சொற்கள் ஏட்டில் ஏறாமலே மறைதல் கூடும். குழலின் பழுப்பைப் போலவே சொல்லின் பழமையும் ஒருமுறை சுரண்டப்பட்டால் மீளாது. இரண்டையும் உள்ளவாறே பேணுதல் நம் பொறுப்பாகும்.