சதுப்பில் கிடைத்த ஈஸ்ட்

இந்த வாரம் அந்தமானில் இருக்கிறோம். காரணம், ஓர் ஈஸ்ட்.

தீவுகளைச் சுற்றி அலை ஏறி இறங்கும் எட்டு இடங்களில் எடுத்த 48 மண், நீர் மாதிரிகளை டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனுராதா சௌத்ரியின் குழு ஆராய்ந்தது. ஓர் உப்புச் சதுப்பிலும் ஒரு மணற்கரையிலும் கேண்டிடா ஆரிஸ் கிடைத்தது. 2021-இல் முடிவு வெளியானது. 2009-இல் ஜப்பானிய மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட பூஞ்சை இது. பிறகு பல நாடுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைத் திணறடித்தது. மருத்துவமனைக்கு வெளியே, இயற்கையில், அதை முதன்முதலாகக் கண்டது அந்தமானில்தான்.

மணற்கரையில் ஆள் நடமாட்டம் உண்டு. அங்கே கிடைத்தவை பல மருந்துகளுக்கு அடங்காதவை. மனிதரிடமிருந்து வந்து சேர்ந்திருக்கலாம். ஆளரவமற்ற சதுப்பில் கிடைத்த ஒன்றோ மருந்துக்குக் கட்டுப்பட்டது, அதிகச் சூட்டில் மெதுவாக வளர்ந்தது. என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த ஒன்றுதான். பூமி சூடேறியதால் இந்தப் பூஞ்சை நம் உடல் சூட்டைத் தாங்கப் பழகியிருக்கலாம் என்று நுண்ணுயிரியலாளர் ஆர்த்துரோ காசடெவாலும் சகாக்களும் 2019-இல் சொன்னார்கள். அது சரியா என்பதை மரபணுக்களில்தான் தேட வேண்டும்.

தேடும் வழி நமக்குப் புதிதல்ல. ரொட்டி ஈஸ்டின் மரபுத்தொகுதி 1996-இலேயே முழுதாகப் படிக்கப்பட்டது. அதன் சுமார் 6,000 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துவிட்டார்கள். கேண்டிடா ஆரிஸில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதிதான். ஒன்றை நீக்கினால் விளைவு மறையாமல் தெரியும். மருந்தை எதிர்க்கும் வகைகளில் ஈ.ஆர்.ஜி.11 மரபணு மாறியிருப்பது தெரிந்ததே. அந்த மாற்றத்தைச் சதுப்பு ஈஸ்டில் புகுத்திப் பார்க்கலாம். சூட்டைத் தாங்கும் குணம் ஒரே மரபணுவில் அடங்காது என்றே நினைக்கிறேன். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

முனைவர் பட்டம் முடித்த ஒருவருக்கு இந்தத் தேடல் கச்சிதமான வேலை. முன்பு அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) நடத்திய தேசிய போஸ்ட்டாக் நிதி இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. இரண்டு ஆண்டு நிதி அது; வழிகாட்டியைத் தேடிப் பிடிப்பதும் ஆய்வுத் திட்டத்தை எழுதுவதும் விண்ணப்பிப்பவர் பொறுப்பு. உயிரித் தொழில்நுட்பத் துறைக்குத் தனியாக ஆய்வு இணையாளர் (ரிசர்ச் அசோசியேட்) திட்டம் உண்டு. ஹைதராபாத் சி.டி.எஃப்.டி. ஆய்வு நிறுவனத்தில் ரூபிந்தர் கௌரின் குழு நோய் தரும் இன்னோர் ஈஸ்டான கேண்டிடா கிளாப்ராட்டாவில் உழைக்கிறது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் நோய் தரும் பூஞ்சைகளின் தேசியச் சேமிப்பகம் இருக்கிறது.

"ஏதாவது இடம் இருக்கிறதா?" என்று வழிகாட்டிகளுக்குப் பொதுவாகக் கடிதம் எழுதாதீர்கள். சதுப்பு ஈஸ்டைப் பற்றிய உங்கள் கேள்வியை முதல் வரியிலேயே வையுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை ஸ்ரீ விஜயபுரத்திலேயே (முன்பு போர்ட் பிளேர்) இயங்குகிறது. அங்கே படிப்பவர்களுக்குச் சதுப்புகள் பக்கத்தில்தான். சௌத்ரியின் குழு பார்த்த எட்டு இடங்கள் போதாது. வெவ்வேறு பருவங்களில், ஆள் போகாத இன்னும் பல சதுப்புகளில், உரிய அனுமதியோடு மாதிரி எடுக்க வேண்டும்.